ஜோடி பிரிந்த பாட்டரி

உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு வார்த்தை தவறாக விழுந்திருக்கிறது, ஐயா. அதை மாற்றச் சொல்லத்தான் இந்த வெயிலில் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். டீ வேண்டாம். உங்கள் ஆட்கள் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள், கோப்பையின் விளிம்பும் பிசுபிசு என்று இருக்கிறது.

‘மின்சிகரெட் கடைக்காரரின் கவனக்குறைவான பாட்டரிப் பராமரிப்பால் நேர்ந்த மரணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டரி, சரி. பராமரிப்பு, சரி. மரணம் நடந்தது உண்மை. கவனக்குறைவு என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இர்பித் நகரம் முழுக்கக் கேட்டுப் பாருங்கள். அபூ லைஸ் கடையில் வாங்கிய பாட்டரி யார் வீட்டிலாவது புகைந்தது என்று ஒருவர் சொன்னால் நான் கடையை மூடிவிடுகிறேன்.

முதலில் செல்போன் பாட்டரி விற்றேன், பிறகு இதற்கு வந்தேன். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டரி வாங்குபவரைச் சும்மா அனுப்ப மாட்டேன், ஐந்து நிமிடம் நிற்க வைத்துச் சொல்லித்தான் அனுப்புவேன். சூடாக இருக்கும் பாட்டரியை அப்படியே சார்ஜரில் போடாதே, அரை மணி ஆறட்டும். சோபாவிலும் மெத்தையிலும் வைத்துச் சார்ஜ் போடாதே, கல் மேடையில் போடு. நிறைந்ததும் எடுத்துவிடு. ஆளில்லாத வீட்டில் போட்டுவிட்டுப் போகாதே. கோடையில் காருக்குள் விடாதே. சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடவே போடாதே, அதற்கென்று பிளாஸ்டிக் டப்பி இலவசமாகத் தருகிறேன். மேலே சுற்றியிருக்கும் மெல்லிய உறை நகக்கண் அளவு கிழிந்தாலும் என்னிடம் கொண்டு வா. சிரிப்பார்கள். “அபூ லைஸ், பாட்டரி தர்றீங்களா, பொண்ணு கட்டித் தர்றீங்களா?” என்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு பாட்டரி போடும் கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, சேர்த்தே சார்ஜ் போட்டு, சேர்த்தே தீர்க்க வேண்டும். ஒன்றைப் பிரித்து இன்னொன்றோடு போட்டால் தெம்பாக இருப்பது மற்றதை வதைத்துவிடும். எங்கள் தொழிலில் இவற்றைக் கல்யாணமான பாட்டரி என்போம். என் தங்கை இப்திசாம்தான் வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஜோடியின் உறையிலும் எண்ணும் தேதியும் எழுதுவாள். பொடி எழுத்து, ஆனால் ஒரு புள்ளி நழுவாது. ஆறு வருடம் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் பாட்டரியைத் தொடுவாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த அறையில் நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசாமலே வேலை செய்வோம். எனக்கு அது பிடிக்கும்.

அவளைக் கட்டியவன்தான் ஃபவ்வாஸ். செத்துப்போனவனைப் பற்றி இழித்துப் பேசக் கூடாது என்பார்கள். நான் இழித்துப் பேசவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

அவன் அப்பா எங்கள் ஊர்க்காரர். ருமேனியாவுக்கு மருந்தியல் படிக்கப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டி, முப்பது வருடம் கழித்து மனைவியோடும் மகனோடும் திரும்பி வந்தார். ஃபவ்வாஸுக்கு அரபு பேச வரும். ஆனால் எதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாது. எங்கள் கடைக்கு ஜூஸ் வாங்க வந்தான். மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தை அப்படித்தான் சொல்வோம். மாம்பழமும் புதினாவும் கலந்த ஜூஸ். அந்த வாடையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? அழுகிய பழத்தின் மேல் பற்பசையைப் பிதுக்கியது போல இருக்கும். எல்லா நேரமும் அதைத்தான் ஊதுவான். மற்றவர்கள் சாப்பிடும்போதும் ஊதுவான். தட்டின் மேல் வெள்ளையாகப் புகை இறங்கும், சோற்றில் உட்காரும்.

அந்தக் கருவியின் வாய்முனை எப்போதும் ஈரமாக இருக்கும். எச்சில், அதற்கு மேல் வழிந்த ஜூஸ், அதற்கு மேல் சட்டைப்பையின் பஞ்சு. அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, “ஒரு இழுப்பு இழுங்க மச்சான்” என்பான். விரலில் ஒட்டிய ஜூஸை என் வீட்டுத் திண்டில் துடைப்பான். அவன் கைப்பையை ஒருமுறை பார்த்தேன். சாவி, சில்லறை, சூரியகாந்தி விதைத் தோல், மூக்குச் சிந்திய காகிதம், அத்தனைக்கும் நடுவில் உறையில்லாமல் ஒரு பாட்டரி. அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி காய்ச்சல் என்று நினைத்தாள்.

அவன் பெண் கேட்டபோது இப்திசாமுக்கு முப்பத்தெட்டு வயது. வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்தாள். அவன் பேசும் கொச்சை அரபைக் கேட்டுச் சிரித்தாள். கல்யாணம் ஆயிற்று. கடைக்கு வருவதை நிறுத்தினாள். மூன்று மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தபோது அவள் தலைத்துணியிலும் அந்த மாம்பழ வாடை அடித்தது.

எங்கள் மரியாதை உங்களுக்குத் தெரியும். ஒருவர் நம்முடைய பொருளை அழகாக இருக்கிறது என்று சொன்னால், “உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க” என்போம். அவர், “உங்க கையில இருந்தாத்தான் அழகு” என்பார். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். ஃபவ்வாஸ் எடுத்துக்கொள்வான்.

என் அப்பா இறந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில் நான் அவருடைய ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அம்பர் மணிகள், அவர் கைபட்டுக் கறுத்தவை. ஃபவ்வாஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ரொம்ப அழகா இருக்கு மச்சான்.”

“உனக்குத்தான் மாப்ளே, எடுத்துக்கோ,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிடும்.

“நிஜமாவா?” என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. வாங்கி, முத்தமிட்டு, அந்தக் கைப்பையில் போட்டுக்கொண்டான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பிக் கேட்க முடியுமா? என் சித்தப்பா காபிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு என் தோல் மேல்சட்டை. பிறகு பித்தளைக் காபிப் பாத்திரம். யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நான் சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் கை நீளுவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளே ஏதோ உறுதியாகும். பார், இவன் இப்படித்தான் என்று. அந்த உறுதி எனக்குத் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன பிப்ரவரி வாக்கில், குளிர் விடுவதற்கு முன்னால், கடைக்கு வந்தான். கல் மேடையில் பதினேழாம் எண் ஜோடி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் நான் சொந்தமாகப் பயன்படுத்திய ஜோடி. இப்திசாம் கடைசியாக எழுதிய எண் அது. பதினேழு அ, பதினேழு ஆ.

“எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க மச்சான். புதுசு மாதிரி இருக்கு.”

“உனக்குத்தான்.”

“ரெண்டும் வேணாம், உங்களுக்கு ஒண்ணு இருக்கட்டும்,” என்று பதினேழு ஆவை மட்டும் எடுத்துக்கொண்டான்.

பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக அவனுக்கு நினைப்பு. ஜோடியைப் பிரித்துவிட்டான் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. மிச்சம் இருந்ததை நான் டப்பியில் போட்டு மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அதை வேறு எதனோடும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பத்து நாளில் திரும்பக் கொண்டு வந்தான். சாவியோடு பையில் போட்டிருக்கிறான். உறை கிழிந்து, மேல்பக்கம் கருகி, ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. அவன் கால்சட்டைப் பையிலும் ஓட்டை.

“தொடையைச் சுட்டுடுச்சு மச்சான்,” என்று சொல்லிச் சிரித்தான். “உங்க தங்கச்சிதான் களிம்பு போட்டுவிட்டா. இது இனிமே ஆகுமா?”

“ஆகாது. என்கிட்ட விட்டுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்,” என்றேன்.

பாட்டரியின் உலோகத்தில் அவன் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. விதைத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. இப்திசாமின் பொடி எழுத்தில் பாதி கருகிப் போயிருந்தது. நான் காகிதத்தால் பிடித்து, கடைக்குப் பின்னால் இருக்கும் மணல் வாளியில் போட்டேன். கெட்ட பாட்டரிகளை அங்கேதான் வைப்பேன். மாதக் கடைசியில் அவற்றை வாங்கிப் போக ஆள் வருவார். அந்த மாதமும் வந்தார். பதினேழு ஆவை மட்டும் நான் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், அது அவனுடையது. கொடுத்தாயிற்று, அவன் எடுத்துக்கொண்டாயிற்று. அவன் பொருளை அப்புறப்படுத்த நான் யார்?

ரம்சான் முடிந்த பிறகு ஒரு மதியம் அந்தப் பாட்டரியைத் துடைத்து, புதிதாகப் பொன்னிற உறை போட்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். கருகிய இடம், நசுங்கிய இடம் எல்லாம் மறைந்துவிட்டன. பார்த்தால் பெட்டியிலிருந்து பிரித்தது போல இருந்தது. பழைய மாதிரிக் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. வெறும் பித்தளைக் குழல். இப்போதைய கருவிகளில் ஏதாவது தப்பாகப் போனால் தானாக நின்றுவிட உள்ளே ஒரு தகடு இருக்கும். இதில் அது கிடையாது. அதனால் பல வருடமாக நான் அதை யாருக்கும் விற்றதில்லை. அதைப் பளபளப்பாகத் தேய்த்து, பதினேழு ஆவை உள்ளே போட்டேன். வாய்முனையை ஸ்பிரிட் தொட்டு மூன்று முறை துடைத்தேன். மாம்பழ ஜூஸை நானே ஊற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு இருவரையும் அழைத்திருந்தோம். என் மனைவி சிஹாம் மன்ஸஃப் செய்திருந்தாள். பெரிய தாம்பாளம் நிறையச் சோறு, தயிரில் வெந்த ஆட்டுக்கறி, மேலே வறுத்த பாதாம். குழலை விருந்தறையின் கண்ணாடி அலமாரியில், திறந்தால் முதலில் கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொருளைச் சுத்தம் செய்து என் வீட்டில் வைத்தேன். அவன் அழகாக இருக்கிறது என்பான், நான் உனக்குத்தான் என்பேன். மரியாதை தெரிந்த எவனாக இருந்தாலும் மறுத்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போவான். இதில் என் பங்கு எவ்வளவு, அவன் பங்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

கவனக்குறைவு என்கிறீர்கள். சாப்பாடு முடிந்ததும் என் பிள்ளைகள் மூவரையும் மாடிக்கு அனுப்பி, கதவைச் சாத்தச் சொன்னேன். சிஹாமையும் இப்திசாமையும் சமையலறையில் இருக்கச் சொன்னேன். ஜன்னல் திரையை முந்தின நாளே கழற்றித் துவைக்கப் போட்டிருந்தேன், தீ பற்றக் கூடாதே என்று. வாசலில் மணல் வாளி வைத்திருந்தேன். இதையெல்லாம் கவனம் இல்லாதவன் செய்வானா, ஐயா?

வாளி தேவைப்படவில்லை. அவன் குழலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். எலுமிச்சை மரத்தடியில் நின்று, வாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். ஒரு சத்தம் கேட்டது. டயர் வெடித்தது என்று தெருவில் நினைத்தார்களாம். நான் போய்ப் பார்த்தேன். வாய் இருந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களிடம் புகைப்படம் இருக்கிறது. அப்போதும் அந்த மாம்பழ வாடைதான் மேலே நின்றது. ரத்தத்தோடு கலந்த அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நான் மரத்தடியிலேயே வாந்தி எடுத்தேன். அதை எல்லோரும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாலு நாள் மருத்துவமனையில் கிடந்தான். இப்திசாம் அவன் படுக்கையை விட்டு அசையவில்லை. அவனுக்கு வடிந்ததையெல்லாம் அவளே வெறும் கையால் துடைத்தாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் பாட்டரியைத் தொடும் பெண். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

பிறகு எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் அவன் அப்பா வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனார்கள். வழக்கப்படி முன்னால் வைத்த காபியை யாரும் தொடவில்லை, கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்போம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கிழவர் என்னைப் பார்த்தார்.

“கவனிக்காம விட்டுட்டான் பையன். வேணும்னு செய்வானா? மன்னிச்சுட்டேன். காபியைக் குடிங்க, ஆறிடும்,” என்றார்.

எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். செய்யாத ஒன்றுக்காக மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கவனிக்காமல் விட்டேனாம். நாற்பத்தாறு வயதில் எனக்கு இந்தப் பெயர். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் பாட்டரியை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இப்திசாம் ஒருத்திதான் நம்பவில்லை. நேற்று வந்திருந்தாள். உட்காரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள்.

“அண்ணே, உங்க கையில பாட்டரி தப்பாப் போகாது. ஆறு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன்.”

“போகாதுதான்,” என்றேன்.

“அப்புறம் எப்படி?”

என் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு துணி முடிச்சை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே அப்பாவின் ஜெபமாலை, காபிப் பாத்திரம். தோல் மேல்சட்டை மட்டும் இல்லை. அதைப் போட்டுத்தான் அவனைப் புதைத்தார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். கஃபன் துணி தவிர எதுவும் போட மாட்டார்கள் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளே வைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த முடிச்சைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வாக்குமூலமும் அரைகுறை வேலையாகிவிடும்.

அதை ஃபவ்வாஸ் அந்த வெள்ளிக்கிழமையே கொண்டு வந்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னால், அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, என் முன்னால் வைத்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

“இப்திசாம் நேத்துதான் எல்லாம் சொன்னா மச்சான். நீங்க கொடுக்கறது சும்மா வாய் வார்த்தை, நான் மறுக்கணும்னு. எங்க ஊர்ல கொடுத்தா வாங்கிக்கணும், இல்லேன்னா வருத்தப்படுவாங்க. எனக்குத் தெரியாது. இத்தனை நாள் உங்க அப்பா பொருளை... நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?”

“பரவாயில்லை மாப்ளே, உன்கிட்டயே இருக்கட்டும்,” என்று முடிச்சை அவன் பக்கமே தள்ளினேன்.

அன்று அவன் கை சுத்தமாக இருந்தது. சாப்பாட்டின்போது ஒரு முறைகூடப் புகை ஊதவில்லை. அவனுடைய கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். எனக்கு ஏனோ அது இன்னும் அருவருப்பாக இருந்தது.

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் அலமாரியைப் பார்த்தான். “அழகா இருக்கு,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“உனக்குத்தான், எடுத்துக்கோ.”

“உங்க கையில இருந்தாத்தான் அழகு,” என்றான். பாடம் ஒப்பிக்கும் குழந்தை போல, ஒரு எழுத்து பிசகாமல். சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

இரண்டாம் முறை சொன்னேன். மறுத்தான். மூன்றாம் முறை அவன் கையில் வைத்தேன். திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுச் சிரித்தான்.

“இந்தத் தடவை ஏமாற மாட்டேன் மச்சான்.”

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். “நீ இதை எடுத்துக்கலேன்னா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்.” எங்கள் பக்கத்தில் விருந்தாளி பிகு செய்தால் இப்படி ஆணையிடுவது உண்டு. அதற்கு மேல் யாரும் மறுக்க முடியாது, மறுத்தால் ஒரு குடும்பம் உடைந்துவிடும். ஃபவ்வாஸ் சமையலறைப் பக்கம் பார்த்தான். உள்ளே சிஹாமும் இப்திசாமும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பயந்துபோய்க் குழலை அவசரமாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“ஐயோ, வேணாம் மச்சான், அந்த வார்த்தை வேணாம். எடுத்துக்கிட்டேன், பாருங்க, எடுத்துக்கிட்டேன்,” என்றான்.

சாப்பாடு முடிந்ததும், “உள்ளே ஊதினா உங்களுக்குப் பிடிக்காதுன்னு இப்திசாம் சொன்னா. வெளியே போய் ஒரு தடவை இழுத்துட்டு வரேன், நீங்க கொடுத்ததாச்சே,” என்று எழுந்து போனான்.

இவ்வளவுதான், ஐயா. கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். நான் யார் வாயிலும் எதையும் திணிக்கவில்லை. எடுத்துக்கொண்டவன் அவன்தான்.